சின்ன உலையில் கத்திக்குத் துவைச்சல்: பட்டையிலிருந்து பதம் வரை

கத்தியை அடித்து, ராவி, வடிவத்துக்குக் கொண்டுவருவது வரை வந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதுவரை கையில் இருப்பது கத்தி வடிவில் ஓர் இரும்புப் பட்டை, அவ்வளவுதான். தீட்டினால் வெங்காயம் நறுக்கும், ரெண்டே நாளில் மழுங்கும். அதைக் கத்தியாக்குவது அடுத்து வரும் மூன்று சூடுகள்: உள்மணியை, அதாவது இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளைச் சீராக்கும் சூடு, எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கும் துவைச்சலுக்கு முந்தைய சூடு, கடைசியாக அந்தக் கெட்டியைக் கொஞ்சம் தளர்த்தி நொறுங்காமல் ஆக்கும் சூடு, அதாவது பதம் இறக்குவது. மூன்றிலும் புதிதாகச் செய்கிறவர்கள் கெடுப்பது ஒரே இடத்தில்தான். சூடு போதவில்லையோ என்று பயந்து துருத்தியை இன்னும் நாலு சுற்று சுற்றிவிடுவார்கள். சூடு குறைந்தால் கத்தி கெட்டியாகாது, மறுபடி உலையில் வைத்துக்கொள்ளலாம், நஷ்டம் ஒரு கூடை கரி. சூடு கூடினால் உள்மணி பெருத்துவிடும். அந்தக் கத்தி பார்க்க நன்றாக இருக்கும், அரமும் ஏறாது, ஆனால் ஒருநாள் தேங்காய் மூடியில் பட்டு முனை தெறித்துப் போகும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

எந்த இரும்பு

வேலூர்ப் பக்கம் இரும்புக்குப் பஞ்சமில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நம்மைத் தொட்டுக்கொண்டு போவதால் லாரிப் பட்டறைகளும் அவற்றின் கழிவு போய்ச் சேரும் காயலான் கடைகளும் ஏராளம். அங்கே தேட வேண்டியது ஸ்பிரிங் பட்டை. லாரிப் பட்டை 10 மி.மீ., அதற்கு மேலும் தடிமன் இருக்கும், அதைச் சம்மட்டியால் இறக்க ஆள் வேண்டும். சின்ன சரக்கு வண்டி, ஜீப் பட்டை என்றால் 6 முதல் 8 மி.மீ.தான், ஒற்றை ஆளுக்கு அதுவே தோது. பட்டைகளில் பெரும்பாலும் 0.5 முதல் 0.65 சதவீதம் வரை கார்பன் இருக்கும், கூடவே சிலிக்கனோ குரோமியமோ சேர்த்திருப்பார்கள். இந்தச் சேர்மானத்தால் எண்ணெயில் முக்கும்போது சில வினாடி தாமதமானாலும் மன்னித்துவிடும். முதல் கத்திக்கு இதைவிடப் பொறுமையான இரும்பு கிடைக்காது.

ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்க வாய்ப்புண்டு. பட்டை மாற்றும் பட்டறையில் புதுப் பட்டையை அளவுக்கு வெட்டும்போது விழுகிற துண்டைக் கேட்டு வாங்குவது உத்தமம். பழசுதான் கிடைத்தது என்றால் நடுத் துளையை ஒட்டிய பகுதியைத் தள்ளிவிட்டு மற்றதை எடுங்கள்.

பழைய அரமும் நல்ல இரும்புதான், 1 சதவீதத்துக்கு மேல் கார்பன். ஆனால் அது எண்ணெயில் ஒரு வினாடிக்குள் குளிர்ந்தாக வேண்டும், கொஞ்சம் அசந்தால் கெட்டியாகாது, தண்ணீரில் போட்டால் வெடிக்கலாம். ரெண்டு மூன்று கத்தி செய்து கை பழகியபின் அதைத் தொடுங்கள். பேரிங் வளையமும் அப்படித்தான். சில வளையங்களில் மேல்தோல் மட்டும்தான் கெட்டி, உள்ளே மென்மை, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கட்டடக் கம்பி, ஆங்கிள், கேட் செய்யும் பட்டை இதெல்லாம் எவ்வளவு காய்ச்சினாலும் கத்திக்கான கெட்டி வராது, உள்ளே அதற்கான கார்பனே இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1000 டிகிரிக்கு மேல் அளவாக நிறுத்திக் காய்ச்ச வேண்டிய சங்கதி, கரி உலையில் வேண்டாம்.

பட்டை ஏற்கெனவே கெட்டியாகத்தான் வரும், அப்படியே ராவினால் அரம்தான் தேயும். சிவக்கக் காய்ச்சி, ஒரு வாளி உமிச் சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகளில் இந்தச் சாம்பல் மலையாகக் கிடக்கிறது. சூட்டை இறுக்கிப் பிடித்து வைப்பதில் இதற்கு ஈடான பொருள் சல்லிசாக வேறு கிடையாது. காலையில் எடுத்தால் சில சமயம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், அரம் சுகமாக ஏறும்.

உலைக்குப் போகும் முன்

வடிவம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதே வாயைக் கூராக்கிவிடாதீர்கள். வாய்ப்பக்கம் 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் விட்டிருக்க வேண்டும். அதைவிட மெல்லிசாக இருந்தால் உலையில் அந்த இடம் மட்டும் முந்திக்கொண்டு சூடேறும், எண்ணெயில் நெளியும். கைப்பிடிக்கான துளைகளை இப்போதே போட்டுவிடுங்கள், பிறகு டிரில் இறங்காது. கைப்பிடிக்குள் போகும் வால் கத்தி உடலோடு சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வட்ட அரத்தால் வளைவாக்குங்கள், விரிசல் கிளம்புவது எப்போதும் கூரான உள்மூலையில்தான். குறுக்காகப் போகிற ஆழமான அரக் கோடுகளும் விரிசலுக்கு வழிகாட்டும். 120, பிறகு 220 எண் எமரித் தாளால் நீளவாக்கில் தேய்த்துச் சமன்படுத்திவிட்டால் போதும், பளபளப்பெல்லாம் இப்போது வீண்வேலை.

அதே பட்டையில் விரல் நீளத்துக்கு இரண்டு மூன்று துண்டுகளும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இவைதான் சோதனைத் துண்டுகள். இதைச் செய்ய எல்லோருக்கும் சோம்பல், ஆனால் இந்த வழிகாட்டியிலேயே கத்தியைக் காப்பாற்றும் ஒரே படி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உலை

ஒரு சமையல் கத்திக்குப் பெரிய உலைக்களம் தேவையில்லை. பழைய இரும்புத் தொட்டியோ, பாதியாக வெட்டிய சின்ன டிரம்மோ போதும். ஏரிக் களிமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, உமி ஒரு பங்கு கலந்து பிசைந்து உள்ளே 5 செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். மணலுக்கு நமக்கென்ன குறை, பாலாற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். நடுவில் 35 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்துக்கு ஒரு வாய்க்கால் இருக்கட்டும். அதன் அடியில் ஓர் அங்குல இரும்புக் குழாயை நீளவாக்கில் படுக்கவைத்து, மேற்பக்கம் 3 செ.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. துளைகள் போட்டு, கடைசி முனையை அடைத்துவிடுங்கள். மறுமுனையில் கையால் சுற்றும் புளோயர். முடி உலர்த்தும் ஹேர் டிரையரும் வேலை செய்யும், ஆனால் அதைக் குறைந்த வேகத்தில் வைத்து, பாதிக் காற்று வெளியே போகும்படி கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். மண்ணை ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு, முதல் முறை சின்னதாகச் சுள்ளி எரித்துச் சுடுங்கள். ஈரத்தோடு பெருந்தீ வைத்தால் மண் தெறிக்கும்.

குழாய் எதுவானாலும் கறுப்பு இரும்புக் குழாயாக இருக்க வேண்டும். வெள்ளையாகத் துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைத் தீயில் வைத்தால் வரும் புகையைச் சுவாசித்து ராத்திரி குளிர்காய்ச்சலில் படுக்க வேண்டியிருக்கும். காயலான் கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்பார், கேட்காதீர்கள்.

கரிக்கு நம்ம ஊர் வேலிகாத்தான் கரி அருமை. மூட்டையாகக் கிடைக்கும், நின்று எரியும், கந்தகம் கிடையாது. கொட்டாங்குச்சிக் கரி சட்டென்று சூடேறும், சீக்கிரம் தீரும், ரெண்டையும் கலந்துகொள்ளலாம். 3, 4 செ.மீ. துண்டுகளாக உடைத்துச் சலித்துத் தூளைத் தள்ளிவிடுங்கள். தூள் காற்றுத் துளையை அடைத்தால் ஓர் இடம் வெளுக்கச் சிவந்து பக்கத்து இடம் கறுப்பாகக் கிடக்கும்.

இனி முக்கியமான ஒன்று. கத்தியை நேராகக் கரிக்குள் சொருகாதீர்கள். இரண்டு அல்லது இரண்டரை அங்குல விட்டத்தில், கத்தியைவிட ஒரு சாண் நீளமான கறுப்பு இரும்புக் குழாயை எடுத்து, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, கரிக்கு நடுவே படுக்கவைத்து மேலேயும் கரியை மூடுங்கள். கத்தி அந்தக் குழாய்க்குள் போகும். தீ குழாயைச் சுடும், குழாய் கத்தியைச் சுடும், அதனால் எந்த இடமும் தனியாக எகிறாது. குழாய்க்குள் ரெண்டு சின்னக் கரித்துண்டு போட்டுவைத்தால் உள்ளே இருக்கும் பிராணவாயுவை அவை தின்றுவிடும், கத்தியின் மேல் செதில் கட்டுவதும் மேற்பரப்பில் கார்பன் எரிந்துபோவதும் குறையும். பெரிய உலை வைத்திருப்பவர்கள்கூட இந்தக் குழாய் இல்லாமல் மெல்லிய கத்தியைக் காய்ச்சுவது எனக்குப் புரியாத தைரியம்.

வீட்டுச் சமையல் சிலிண்டரை இந்த வேலைக்குத் திருப்புவது சட்டத்துக்கும் ஆகாது, அந்த ரெகுலேட்டரின் அழுத்தமும் போதாது. கரியே போதும்.

எண்ணெய்

கடலை எண்ணெய், ரீஃபைண்ட் செய்தது. நிலக்கடலை விளைகிற சீமையில் வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். எளிதில் தீப்பற்றாது, கத்தியை நல்ல வேகத்தில் குளிர்விக்கும், புகையும் தாங்கக்கூடியது. அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் வடை என்று கேட்பார்கள், அது ஒன்றுதான் தொல்லை. வடைக்கடையில் கழித்த எண்ணெயும் ஆகும், ஆனால் வடிகட்டி, ஒரு முறை 110 டிகிரி வரை காய்ச்சி ஈரத்தை முழுக்க ஓட்டியிருக்க வேண்டும். அடியில் ஒரு கரண்டி தண்ணீர் இருந்தால்கூடச் சிவந்த இரும்பு பட்டதும் எண்ணெய் பொங்கி முகத்துக்கு வரும். வண்டியில் இறக்கிய பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் கழிவு உலோகங்களோடு புகையை இழுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

அளவு 5 லிட்டருக்குக் குறையக் கூடாது. 6 அங்குலக் குழாயின் அடியை வெல்டிங் வைத்து மூடி, 40 செ.மீ. உயரத்துக்கு வாங்கினால் மேலே அரைச் சாண் விட்டு எண்ணெய் ஊற்றலாம். அந்த இடைவெளி தெறிப்புக்கு. பக்கெட் மணலுக்குள் அதைப் பதித்து வையுங்கள், காலில் இடறினாலும் சாயாது. பிளாஸ்டிக் வாளியை நினைத்தும் பார்க்காதீர்கள். மேலே மூட ஒரு தகரத்தட்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடுவது மட்டுமே வேலை, தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்குப் போகும். அதனால்தான் கூரைக் கொட்டகையிலும் ஆடிக் காற்றிலும் இந்த வேலை கூடாது. மூடிய அறையிலும் கூடாது, கரிப்புகை மணமில்லாமல் ஆளைச் சாய்க்கும். காட்டன் சட்டை, செருப்புக்குப் பதில் ஷூ, கண்ணாடி. தோல் கையுறைக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்தில் இருக்கிறவர்கள் சாக்கு சொல்ல முடியாது.

எண்ணெயை 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் வெளியே வைத்த எண்ணெய் தானாகவே 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் என்றாலும் போதாது. சூடான எண்ணெய் இளகி ஓடும், இரும்பைச் சுற்றி எழும் ஆவிப்படலத்தைச் சீக்கிரம் கலைக்கும், அதனால்தான் குளிர்ந்த எண்ணெயைவிட வேகமாக இரும்பின் சூட்டை இழுக்கிறது. ஏதாவது ஒரு கம்பித் துண்டைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கலக்கினால் ஒன்றிரண்டு முறையில் அந்தச் சூடு வந்துவிடும்.

வெளிச்சம்

இதற்குத் தனியாக ஒரு தலைப்பு கொடுக்கக் காரணம் நம்ம ஊர் வெயில். உச்சி வெயிலில் 800 டிகிரியில் இருக்கும் இரும்பைக் கண்ணால் பார்த்தால் சிவப்பே தெரியாது, சும்மா சாம்பல் நிறமாகத் தெரியும். அதைச் சிவக்க வைக்கிறேன் என்று ஊதிக்கொண்டே போனால் 950ஐத் தாண்டிவிடும். அதே இரும்பை ராத்திரி இருட்டில் பார்த்தால் 650 டிகிரியிலேயே ஜொலிக்கும், போதும் என்று அவசரப்பட்டு எடுத்துவிடுவீர்கள். எனவே எப்போதும் ஒரே வெளிச்சம். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் உலையை மூட்டினால் சரியாக இருக்கும், இல்லையென்றால் சுவரோரம் நிழலான மூலை. கண் அந்த மங்கலுக்குப் பழக ஐந்து நிமிஷம் கொடுங்கள், நடுவில் போன் திரையைப் பார்க்காதீர்கள்.

நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். கைவசம் வைத்துக்கொள்ள இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று காந்தம்: பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்து ஒரு கம்பியில் தொங்கவிடுங்கள். இரும்பு 770 டிகிரி வாக்கில் காந்தத்தை விட்டுவிடும். இன்னொன்று சமையல் உப்பு: 801 டிகிரியில் உருகும். குழாய்க்குள் சோதனைத் துண்டின்மேல் நாலு உப்புக்கல் வைத்தால், அது கண்ணாடியாக உருகி ஓடும் நொடியில் உங்கள் உலையில் 800 எப்படித் தெரிகிறது என்று கண் படித்துக்கொள்ளும். உப்பைக் கத்தியின் மேல் வைக்காதீர்கள், அரித்துவிடும். சூட்டை அளக்கும் கம்பியான கே வகை தெர்மோகப்பிள் வாங்க முடிந்தால் இந்த வித்தையெல்லாம் பாதி குறையும், ஆனாலும் கண் பழகியிருப்பது நல்லது, கம்பி எரிந்துபோகும் நாளும் வரும்.

முதல் சூடு: உள்மணியைச் சீராக்குவது

அடித்து உருவாக்கிய கத்திக்குள் இழுவையும் கோணலும் தங்கியிருக்கும், அடிக்கும்போது ஏறிய சூட்டில் உள்மணியும் பெருத்திருக்கும். அதைச் சரிசெய்ய மூன்று முறை காய்ச்சி மூன்று முறையும் காற்றிலேயே ஆறவிட வேண்டும். முதல் முறை 870 வாக்கில், இரண்டாவது 830, மூன்றாவது காந்தம் விட்டதும் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு முறையும் குழாயிலிருந்து எடுத்து, காற்று வீசியடிக்காத இடத்தில் வாலைக் குறட்டில் பிடித்தபடி அல்லது கம்பியில் தொங்கவிட்டபடி கறுப்பாகும் வரை விடுங்கள். தரையில் படுக்கவைத்தால் ஒரு பக்கம் சீக்கிரம் குளிர்ந்து வளையும். நெளிந்திருந்தால் இந்தக் கட்டத்திலேயே நிமிர்த்திக்கொள்ளுங்கள், மென்மையாக இருக்கும்போதுதான் தட்டினால் கேட்கும்.

இப்போது சோதனைத் துண்டு. கத்தியைக் காய்ச்சப்போகும் அதே சூட்டுக்குக் கொண்டுபோய் எண்ணெயில் முக்கி, ஆறியதும் துணியில் சுற்றி வைஸில் பிடித்துச் சுத்தியலால் ஒரு போடு போடுங்கள். வளையாமல் டக்கென்று முறிய வேண்டும். முறிந்த முகத்தைப் பாருங்கள். கல்லுப்பு போல மணி மணியாக மினுங்கினால் சூடு கூடிப்போய்விட்டது. மணியே தெரியாமல் மங்கலான சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் நீங்கள் பார்த்த நிறம் சரியான நிறம். முறியாமல் வளைந்தால் சூடு குறைவு. இரண்டாவது துண்டில் திருத்திக்கொண்டு, திருப்தியானபிறகுதான் கத்தி உலைக்குப் போக வேண்டும்.

துவைச்சல்

ஸ்பிரிங் பட்டைக்கு 830 முதல் 860 டிகிரி. குழாய் சீராகச் சிவந்தபின் கத்தியை வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி உள்ளே விடுங்கள், வாயைவிட முதுகு சூட்டுக்கு அருகில் இருக்கட்டும். புளோயரை மெதுவாக, விட்டு விட்டுச் சுற்றுங்கள். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை கத்தியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் குழாய்க்குள் உற்றுப் பார்த்தால் ஒரு காட்சி தெரியும். முதலில் முனையும் வாயும் மங்கிய சிவப்புக்கு வரும், முதுகு கறுப்பாகவே இருக்கும். பிறகு சிவப்பு உள்ளே பரவும். அதன்பின், ஏறிக்கொண்டிருந்த சிவப்புக்குள்ளேயே ஒரு மங்கலான நிழல் தோன்றும், அது மெல்லிய வாய்ப்பகுதியிலிருந்து தடித்த முதுகை நோக்கி ஊர்ந்து, விளிம்பு கலைந்து கலைந்து, வாலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று, கடைசியில் மறையும். உலையில் சூடு குறையவில்லை. இரும்பின் உள்கட்டு மாறும் அந்த நேரத்தில் அது சூட்டை விழுங்குகிறது, அதனால் அந்தப் பகுதி மட்டும் பின்தங்குகிறது. நிழல் இருக்கும் இடம் இன்னும் மாறாத இடம், நிழல் தாண்டிப்போன இடம் மாறிவிட்ட இடம். நிழல் முழுக்க மறைந்து, கத்தி முனையிலிருந்து வால் வரை ஒரே நிறமாக ஆனபின் சிவப்பு ஒரு படி கூடட்டும். காந்தத்தைக் காட்டிப் பார்த்தால் எங்குமே ஒட்டாது. அந்த நிறத்தில் மூன்று நான்கு நிமிஷம் நிறுத்த வேண்டும், கார்பன் இரும்புக்குள் கரைந்து பரவ அந்த நேரம் வேண்டும். நிறம் ஆரஞ்சுப் பக்கம் போனால் புளோயரை நிறுத்திக் கத்தியைப் பாதி வெளியே இழுங்கள்.

எடுத்ததும் ரெண்டு வினாடிக்குள் எண்ணெயில். முனை கீழே பார்க்க, செங்குத்தாக, தயங்காமல் வால் வரை ஒரே இறக்கு. பாதி இறக்கி நிறுத்தினால் தீப்பிடிக்கும், கத்தியும் கோணும். உள்ளே போனதும் நறுக்குகிற திசையில், அதாவது வாயும் முதுகும் போகிற வாக்கில், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு கன்னம் முந்திக் குளிர்ந்து வளைந்துவிடும். குழாய் வைத்திருக்கும் இடத்துக்கும் எண்ணெய்க்கும் நடுவில் யாரும், எதுவும் இருக்கக் கூடாது, நடையை முன்கூட்டியே இரண்டு முறை வெறுங்கத்தியோடு நடந்து பாருங்கள்.

எட்டுப் பத்து வினாடி கழித்து எண்ணெயிலிருந்து தூக்கி நீளவாக்கில் பாருங்கள். இந்த நேரத்தில் கத்தி 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், இன்னும் முழுக்க இறுகியிருக்காது. நெளிவு தெரிந்தால் கையுறையோடு இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அழுத்தி நிமிர்த்தலாம். ஒரு நிமிஷத்துக்குள் அந்த வாய்ப்பு முடிந்துவிடும். அதன்பிறகு வளைத்தால் முறியும், அப்படியே விட்டுவிட்டு மறுபடி காய்ச்சுவதுதான் வழி. சரியாக இருந்தால் தொடும் சூடு வரும் வரை காற்றில் ஆறட்டும்.

ஊரில் அரிவாளுக்கு வாய்ப்பக்கம் மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு ஓடிவந்து அதுவே பதத்தை இறக்கிவிடும், நிறம் வந்ததும் முழுக்க முக்கிவிடுவார்கள். அது தடித்த கருவிக்கான, நல்ல கைப்பழக்கம் உள்ளவர்களுக்கான முறை. 3 மி.மீ. சமையல் கத்தியில் தண்ணீர் என்றால் டிங் என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு கதை முடிந்தது.

ஆறியதும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பழைய கூர் அரத்தின் மூலையை வாய்ப்பக்கம் மெதுவாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கெட்டியாகிவிட்டது. முதலில் கொஞ்சம் கடித்து அப்புறம் வழுக்கினால் மேல்தோலில் கார்பன் போயிருக்கிறது, அரைக்கும்போது அது போய்விடும். எல்லா இடத்திலும் கடித்தால் மறுபடி உலை. மறுபடி காய்ச்சுவதற்கு முன் ஒருமுறையாவது காற்றில் ஆறவிடும் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பவும் முக்க வேண்டும்.

பதம்

இப்போது கையில் இருப்பது கண்ணாடி. சிமெண்ட் தரையில் விழுந்தால் இரண்டாகும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள், உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் இறுக்கத்தில் ராத்திரியிலேயே விரிசல் விடலாம். அன்றைக்கே, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பதம் இறக்கியாக வேண்டும்.

சமையல் கத்திக்கு 200 முதல் 215 டிகிரியில் இரண்டு மணி நேரம், வெளியே எடுத்து முழுக்க ஆறவிட்டு, மறுபடி அதே சூட்டில் இரண்டு மணி நேரம். கேக் செய்யும் மின்சார அடுப்பு, அதாவது ஓ.டி.ஜி., போதும். அதன் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், 20, 30 டிகிரி முன்னே பின்னே ஓடும். அடுப்புக்குள் வைக்கும் தனித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். ஒரு தட்டில் மணலைப் பரப்பி அதில் கத்தியைப் புதைத்தால் கம்பிகள் எரிந்து அணையும்போது வரும் ஏற்ற இறக்கம் கத்தியைத் தொடாது. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவிவிட்டு வையுங்கள், இல்லையென்றால் அடுத்த கேக்கில் வீட்டில் உங்கள் பெயர் அடிபடும்.

மேலே ஒரு பக்கத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்தால் நிறம் தெரியும். 205 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறம், 230க்கு மேல் அடர்ந்த வைக்கோல், 250இல் பழுப்பு, 280இல் ஊதா, 300ஐ நெருங்கினால் நீலம். இந்த நிறக் கணக்கு சில நிமிஷச் சூட்டுக்கானது. இரண்டு மணி நேரம் வைத்தால் 205 டிகிரியிலேயே நிறம் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பதறிச் சூட்டைக் குறைக்காதீர்கள்.

எவ்வளவு பதம் என்பது வேலையைப் பொறுத்தது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் சீவும் கத்தி கேட்டால் 190 முதல் 200 போதும், அதற்கு அடி விழப்போவதில்லை, கூர் நிற்பதுதான் முக்கியம். எலும்பு வெட்டும் கத்திக்கு 240, 250 வரை ஏற்றலாம். கூர் சீக்கிரம் போகும், ஆனால் தெறிக்காது. பிரியாணிக்குக் கறி போடுபவரிடம் கேட்டால் தெறிக்காத கத்தியைத்தான் கேட்பார், தீட்ட அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அதற்கு மேலே 260 தாண்டி 350 வரை உள்ள இடத்தில் பல இரும்புகளுக்குக் கெட்டியும் குறைந்து நொறுங்கும் குணமும் கூடும், கத்தியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அடுப்பு இல்லையென்றால் ஒரு தடித்த இரும்புப் பாளத்தை உலையில் மங்கிய சிவப்புக்குக் காய்ச்சித் தரையில் போட்டு, பளபளப்பாக்கிய கத்தியின் முதுகை அதன்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே இருங்கள். நிறம் முதுகிலிருந்து வாயை நோக்கி ஊரும், வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் தண்ணீரில். முனை மெல்லியது, அங்கே நிறம் ஓடிவிடும், ஆகவே முனையைப் பாளத்துக்கு வெளியே வைத்துக் கடைசியில்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். முதுகு மென்மையாகவும் வாய் கெட்டியாகவும் கிடைப்பது இதில் லாபம். சீராக வருவது கைப்பழக்கம்.

அரைப்பதும் சோதிப்பதும்

வாயை இப்போது 0.3 மி.மீ. வரை இறக்கலாம். பெல்ட் கிரைண்டரோ கல்லோ, கையுறை போடாமல் வெறுங்கையால் பிடியுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒருமுறை முக்குங்கள். விரலுக்குச் சூடு தாங்கவில்லை என்றால் அதுவே நிறுத்தச் சொல்லும் குறி. வாயில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, அந்த நீலத்தைத் தாண்டிக் கெட்டி இரும்பு வரும்வரை அரைத்துத் தள்ள வேண்டும், வேறு மருந்து கிடையாது. பக்கத்துக்கு 15 முதல் 18 டிகிரி கோணத்தில் தீட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு பித்தளைக் கம்பியை வைஸில் படுக்கவைத்து, கத்தியின் வாயை அதன்மேல் சாய்த்து அழுத்தி இழுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் மெல்லிய வாய் கம்பி பட்ட இடத்தில் புடைத்து, கம்பி நகர்ந்ததும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். சில்லு பெயர்ந்தால் இன்னும் கெட்டி, 15 டிகிரி கூட்டி மறுபடி ஒரு பதம். புடைத்தது புடைத்தபடியே நின்றால் மென்மை அதிகம், அரைத்த கத்தியானாலும் மறுபடி துவைச்சலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதில் தேறினால் தேங்காய்நார்க் கயிறு. ஒரே இடத்து வாயால் ஐம்பது அறுபது துண்டு போட்டுவிட்டு, தீட்டாமல் ஒரு காகிதத்தை வெட்டிப் பாருங்கள். அதன்பின் அடுப்படிக்குக் கொடுக்கலாம். பருவத்தில் கிடைத்தால் இலவம்பாடி முள்கத்தரிக்காயை வைத்து நறுக்கச் சொல்லுங்கள். தோல் வழுக்கும் காய், நல்ல வாய் அழுத்தாமலே இறங்கும், மழுங்கிய வாய் சறுக்கி விரலுக்கு வரும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, துளி எண்ணெய் தடவி வைக்கச் சொல்லிவிடுங்கள், இது ஸ்டெயின்லெஸ் இல்லை, புளி பட்ட கத்தியை ராத்திரி தொட்டியில் போட்டுவைத்தால் காலையில் துரு பிடித்திருக்கும்.